நிறைந்த தொட்டியும் நூலாய் ஒழுகும் குழாயும்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில், மேற்கே குருடிமலை உயர்ந்து நிற்க, இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயமும் இயந்திர ஆலைகளும் சூழ வளர்ந்த பெரியநாயக்கன்பாளையத்தில், நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் வசிப்போருக்கு ஒரு விசித்திரம் பழக்கமானது. மொட்டைமாடித் தொட்டியில் நீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், மோட்டாரிலும் பழுதிராது, ஆயினும் சமையற்கட்டுக் குழாயைத் திறந்தால், ஒரு கணம் சீறி வந்த நீர் மறுகணமே மெலிந்து நூலாகிவிடும். அந்தச் சமயம் பார்த்துப் பொடக்காலிக் குழாயையும் யாரேனும் திறந்துவிட்டால் நூலும் அறுந்து சொட்டாகும். விடியற்காலையில் முதல் முதலாக வரும் நீரோ, செம்மண் கரைத்தாற்போல் ஒரு செம்பளவு ஓடிய பிறகே தெளியும்.

பிளம்பரை அழைத்துக் கேட்டால், “ஜி.ஐ. பைப்பு உள்ளார அடைச்சுப்போச்சுங்க, மாத்திப் போட்டுர்றதுதானுங்க நல்லது” என்பார். அவர் சொல்வது உண்மையே. ஆனால் குழாய்வாயைப் பெருவிரலால் பொத்திப் பார்த்தால், உள்ளிருந்து நீர் தள்ளும் விசை சிறிதும் குறைந்ததாகத் தோன்றுவதில்லை. அடைபட்ட குழாய்க்குள் இத்தனை அழுத்தம் எப்படி வந்தது? அழுத்தம் இருக்குமானால் நீர் ஏன் வரவில்லை? இந்த இரண்டு கேள்விகளையும் தொடர்ந்து போனால், இரும்பின் சுபாவம், நீரின் சுபாவம், இரும்புக்கு மாற்றாக இன்று சுவருக்குள் நுழையும் வளையும் குழாயின் சுபாவம் ஆகிய மூன்றும் விளங்கும்.

அழுத்தம் செலவாகும் விதம்

தேங்கி நிற்கும் நீரின் அழுத்தத்திற்கு உயரம் ஒன்றே காரணம். குழாய்வாயைவிடத் தொட்டியின் நீர்மட்டம் 10 மீட்டர் மேலே இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 1 கிலோ எடை அழுத்தும். 4 மீட்டர் மேலே இருந்தால் 0.4 கிலோ அழுத்தும். இடையிலுள்ள குழாய் அகலமோ குறுகலோ, புதிதோ பழையதோ, நீர் ஓடாதிருக்கும் வரையில் இந்தக் கணக்கு மாறுவதில்லை. ஆகையால்தான் விரலால் பொத்தும்போது, துருவேறிய குழாயும் புத்தம் புதுக் குழாயைப் போலவே விரலைத் தள்ளுகிறது.

நீர் ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. ஓடும் நீர் குழாயின் சுவரோடு உரசுகிறது. அந்த உரசலை வெல்வதற்கு, தன்னிடமுள்ள அழுத்தத்தில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. இதை உராய்வுச் செலவு என்று சொல்லலாம். வேகம் கூடினால் செலவு கூடும். குழாய் நீண்டால் கூடும். உட்சுவர் சொரசொரப்பானால் கூடும். குழாய் குறுகினாலோ, மற்றெல்லாவற்றையும்விடப் பன்மடங்கு கூடும். கையிருப்பு 4 மீட்டர் உயரத்தின் அழுத்தம் மட்டுமே என்கிறபோது, அந்தக் கையிருப்புக்குள் செலவு அடங்கும் அளவுக்கு நீர் தன் ஓட்டத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. பொத்திய விரல் உணர்வது ஓடாத நீரின் கையிருப்பை; வாளிக்கு வந்து சேர்வது, வழிச்செலவு போக மிஞ்சிய ஓட்டத்தை.

துத்தநாகத்தின் காவல்

ஜி.ஐ. என்று கடைத்தெருவில் வழங்குவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுத்துப் பூசும் இந்த முறைக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் சொரேல் 1837இல் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் இங்கே வெறும் மேற்பூச்சன்று. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நீரில் நனையுமானால், அவற்றுள் எது எளிதில் கரையக்கூடியதோ அது தான் கரைந்து மற்றதைக் காக்கும். இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் கரையும். ஆகையால் பூச்சில் எங்கேனும் கீறல் விழுந்தாலும், கீறலைச் சுற்றியுள்ள துத்தநாகம் தன்னை இழந்து அந்த இடத்து இரும்பைக் காப்பாற்றுகிறது.

ஆனால் இந்தக் காவலின் கனம் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான், வருஷந்தோறும் சிறிது சிறிதாகக் கரைந்து, ஒரு நாள் தீர்ந்துபோகும். குழாயின் முனைகளில் அது தொடக்கத்திலிருந்தே இல்லை. அரை அங்குலக் குழாயின் சுவர்க் கனம் ஏறக்குறைய 2.6 மில்லிமீட்டர், எல்போ, டீ, சாக்கெட் முதலியவற்றைத் திருகுவதற்காகப் பிளம்பர் மரை வெட்டும்போது ஆழம் 1 மில்லிமீட்டருக்கு மேல் போகிறது. துத்தநாகம் முழுவதும் சீவப்பட்டு, சுவரும் ஏறத்தாழப் பாதியாக மெலிந்த அந்த இடத்தில், சணலும் பெயிண்டும் சுற்றி மூடிய மறைவுக்குள் துரு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பழைய வீடுகளில் முதற்கசிவு நடுக்குழாயில் தோன்றாமல், மூலையிலுள்ள எல்போவை ஒட்டிச் சுவரில் ஈரத்திட்டாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

துருக்கட்டியின் உள்ளே

கழற்றிப் போட்ட ஓர் இரும்புக் குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், சுவர் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கக் காண்பதில்லை. அங்கங்கே பழுப்பு நிறக் கட்டிகள் எழும்பி, எதிர்ச்சுவரில் எழும்பிய கட்டிகளை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு கட்டியைத் திருப்புளியால் நெம்பினால், மேலே கடினமான ஓடு பெயர்ந்து வரும். அதனுள்ளே கறுத்த குழம்பு இருக்கும். குழம்பை வழித்தால், அடியில் இரும்பு கிண்ணம்போல் குழிந்திருக்கும். இதைத் துருக்கட்டி என்போம்.

இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் வேண்டும், அந்நீரில் கரைந்த பிராணவாயுவும் வேண்டும். ஓரிடத்தில் இரும்பணுக்கள் தம் மின்னணுக்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன; அந்த மின்னணுக்கள் உலோகத்தின் வழியே சென்று, வேறோரிடத்தில் பிராணவாயுவிடம் சேர்கின்றன. எங்கே பிராணவாயு தாராளமாயிருக்கிறதோ அங்கே இரும்பு கரையும் என்று எண்ணத் தோன்றும், நடப்பதோ நேர்மாறு. பிராணவாயு மிகுந்த இடம் மின்னணுக்களை வாங்கிக்கொள்கிறது; பிராணவாயு எட்டாத இடமே அவற்றைக் கொடுத்துக் கரைகிறது. முதலில் தோன்றிய சிறு துரு தன்னடியிலுள்ள இரும்பைப் பிராணவாயுவிடமிருந்து மறைக்கிறது. மறைந்த இரும்பு மேலும் கரைகிறது. கரைந்தது வெளியே வந்து பிராணவாயுவைச் சந்தித்ததும் துருவாகி ஓட்டைத் தடிப்பாக்குகிறது. தடித்த ஓடு இன்னும் நன்றாக மறைக்கிறது. இவ்வாறு துருவே துருவை வளர்க்கும் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கிவிடுகிறது. கரைந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட இடத்தைத் துரு அடைத்துக்கொள்வதால், சுவர் தேயத் தேயக் குழாய் அகலுவதற்குப் பதிலாகக் குறுகுகிறது.

காலைச் செந்நீரின் மர்மமும் இதில் அடங்கியுள்ளது. இரவெல்லாம் அசையாதிருந்த நீரில் பிராணவாயு தீர்ந்துபோக, கட்டிகளிலிருந்து இரும்பு நிறமற்ற வடிவத்தில் கசிந்து நீரில் கரைகிறது. மீண்டும் பிராணவாயு கிடைத்ததும் அது செந்நிறத் துகளாகிறது. ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் துணியில் கறை படியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. இதனால் உடனடி அபாயம் இல்லையென்றாலும், கிருமிகளைக் கொல்லக் கலந்து அனுப்பும் குளோரினைத் துரு வழியிலேயே விழுங்கிவிடுகிறது. கட்டிகளின் இடுக்குகள் நுண்ணுயிர்களுக்கு உறைவிடமும் ஆகின்றன.

நல்ல தண்ணீரின் பசி

கோவை வட்டாரத்தில் ஒவ்வொரு வீட்டாருக்கும் தண்ணீரில் இரண்டு ஜாதி உண்டு: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. மலையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வருவது முதலாவது; ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது இரண்டாவது. ஆர்.எஸ். புரத்திற்குத் தம் பெயரைத் தந்த இரத்தினசபாபதி முதலியார் காலத்தில், 1920களின் இறுதியில், சிறுவாணி மலைநீர் கோவைக்கு வந்தது. பின்னாளில் பவானி ஆற்றிலுள்ள பில்லூர் அணையின் நீரும் துணைக்கு வந்தது. காட்டு மழையில் பிறந்து, பாறையைத் தொட்டும் தொடாமலும் ஓடிவரும் சிறுவாணி நீரில் உப்புகள் மிகக் குறைவு; அதன் சுவைக்கும் பருப்பு விரைவில் வேகுவதற்கும் அதுவே காரணம்.

நாவுக்கு இனிய அந்த மென்மையே இரும்புக்குப் பகையாகிறது. சுண்ணாம்பு நிறைவாகக் கரைந்துள்ள நீர், தன் சுமையில் ஒரு பகுதியைக் குழாய்ச் சுவரில் மெல்லிய படலமாக இறக்கிவைக்கும். அந்தப் படலம் உலோகத்தைக் காக்கும். சுண்ணாம்பு குறைந்த நீருக்கோ இறக்கிவைக்க ஒன்றுமில்லை. இருக்கும் படலத்தையும் கரைத்துக்கொள்ளும் பசி அதற்கு உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாங்லியர் 1936இல் இந்தப் பசியை அளப்பதற்கே ஒரு குறியெண்ணை வகுத்தார்.

அப்படியானால் உப்புத் தண்ணீர் குழாய்க்கு நல்லதா என்றால், அதுவும் இல்லை. சுண்ணாம்புப் படலம் ஓர் அளவோடு நில்லாமல் காலப்போக்கில் பாறையாகத் தடித்து வழியை அடைக்கிறது. வெந்நீர் செல்லும் குழாயில் இது இன்னும் விரைவு. உப்புத் தண்ணீரிலுள்ள குளோரைடு உப்போ, படலத்தில் கிடைத்த சிறு துளை வழியே புகுந்து இரும்பைத் துளைக்கிறது. ஒரே குழாயில் சில நாள் நல்ல தண்ணீரும் சில நாள் உப்புத் தண்ணீரும் மாறி மாறி விடும் வீடுகளில், ஒன்று சேர்த்ததை மற்றொன்று குலைக்க, எந்தப் படலமும் நிலைப்பதில்லை.

ஒரு வாளியின் கணக்கு

இனி ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக் கணக்கிடுவோம். தொட்டியின் நீர்மட்டம் சமையற்கட்டுக் குழாயைவிட 4 மீட்டர் உயரம். இடையே அரை அங்குல ஜி.ஐ. குழாய் 12 மீட்டர்; அதன் உள்விட்டம் 16 மில்லிமீட்டர். வழியில் எல்போக்கள், டீக்கள், வால்வுகள் பல. நீர் திடீரெனத் திரும்ப வேண்டியிருப்பதால், ஓர் எல்போ கிட்டத்தட்ட அரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தருகிறது. இவ்விதத் தடைகளெல்லாம் சேர்ந்து 8 மீட்டருக்குச் சமம் என்று கொண்டால், நீரின் கணக்கில் மொத்த வழி 20 மீட்டர். குழாய் புதிதாயிருந்த காலத்தில், நிமிஷத்திற்குச் சுமார் 16 லிட்டர் வந்திருக்கும். 15 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்திற்குள் நிறைந்திருக்கும்.

இப்போது துருக்கட்டிகள் வளர்ந்து உள்விட்டம் 8 மில்லிமீட்டராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விட்டம் பாதியானால் நீரும் பாதியாகும் என்பது முதல் எண்ணம். வட்டத்தின் பரப்பு நாலில் ஒன்றாகிவிடுவதால் நீரும் நாலில் ஒன்றாகும் என்பது சற்று யோசித்தவரின் எண்ணம். உண்மையில் ஆறில் ஒன்றுதான் வரும். ஏனெனில் பரப்பு குறைவதோடு நிற்பதில்லை; குறுகிய குழாயில், எஞ்சிய நீரில் பெரும்பகுதி சுவரை ஒட்டியே ஓட வேண்டியிருப்பதால் உரசலும் மிகுகிறது. வாளி நிறைய இப்போது 6 நிமிஷம். அத்துடன், வழவழப்பாயிருந்த சுவர் கட்டிகளால் கரடுமுரடாகிவிட்டதையும் சேர்த்துக்கொண்டால் ஓட்டம் மேலும் பாதியாகும். வாளி நிறைய ஏறக்குறைய 12 நிமிஷம். தொட்டியும் அதே, உயரமும் அதே, பொத்திய விரலுக்குத் தெரியும் அழுத்தமும் அதே.

தொட்டியை இன்னும் ஒரு மீட்டர் தூக்கிக் கட்டினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அதனால் நீர் எட்டில் ஒரு பங்கு கூடும். 12 நிமிஷம் பத்தரை நிமிஷமாகும். அழுத்தம் ஏற்றும் மோட்டாரைப் பொருத்தினால் நீர் வரும். ஆனால் மரையிடத்தில் மெலிந்துபோன சுவர் அந்தப் புது அழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும். நோய் விட்டத்தில் இருக்கையில் உயரத்துக்கு வைத்தியம் செய்து பயனில்லை.

வளையும் குழாயின் கதை

1933ஆம் வருஷம் மார்ச் மாதம், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்னும் ரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஃபாசெட், கிப்ஸன் என்ற இருவர் எத்திலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, கலத்தில் மெழுகுபோன்ற வெண்பொருள் சிறிது தங்கியிருந்தது. அதுவே பாலிஎத்திலீன். 1953இல் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ட்ஸீக்லர், பேரழுத்தமின்றியே அதை உறுதியாகவும் அடர்த்தியாகவும் செய்யும் வழியைக் கண்டு, பத்தாண்டுக்குப் பின் நோபல் பரிசும் பெற்றார். கொங்கு நாட்டுத் தோட்டங்களில், போர் மோட்டாரிலிருந்து தொட்டிக்கும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் சுருள் சுருளாக விரித்துப் போடும் கறுப்பு ஓஸ் இந்த வம்சத்தைச் சேர்ந்தது.

வீட்டுக்குள் வர அதற்கு ஒரு குறை இருந்தது: வெந்நீர் பட்டால் இளகும். பாலிஎத்திலீனின் மூலக்கூறுகள் மிக நீண்ட இழைகள்; உஷ்ணத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதே இளக்கம். கதிரில் சுற்றிய நூலை உருவிவிடலாம், தறியில் நெய்த துணியிலிருந்து அப்படி உருவ முடியாது. அதுபோல, இழைகளை இடையிடையே ஒன்றோடொன்று ரசாயனப் பிணைப்பால் கட்டிவிட்டால் அவை நழுவ மாட்டா. இதற்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயரிடலாம். 1968இல் ஜெர்மனியில் தாமஸ் எங்கெல் இதற்கொரு தொழில்முறையைக் கண்டார். அவ்வாறு பிணைத்த குழாயே பெக்ஸ் எனப்படுவது. இரண்டு பாலிஎத்திலீன் அடுக்குகளின் நடுவே அலுமினியத் தகடு வைத்த கூட்டுக் குழாயும் நம் நாட்டில் வழக்கிலுள்ளது. கோவை மாநகராட்சி பழைய 60 வார்டுகளுக்கு 24 மணி நேரமும் குடிநீர் தர 2018இல் சூயஸ் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டிலும், தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பாகப் பாலிஎத்திலீன் குழாயே பதிக்கப்படுகிறது.

இந்தக் குழாய்க்கு மின்னணுக்களைக் கொடுக்கும் சுபாவம் இல்லை. ஆகையால் துருவின் சக்கரம் இதில் தொடங்குவதே இல்லை. மரை வெட்ட வேண்டியதில்லை. மூலையில் எல்போ வைக்காமல் அகலமான வளைவாகத் திருப்பிக்கொண்டு போகலாம். வால்வைச் சட்டென்று மூடும்போது இரும்புக் குழாயில் எழும் ‘டம்’ என்ற அதிர்ச்சியையும், இதன் நெகிழ்ந்த சுவர் பெரிதும் வாங்கிக்கொள்கிறது.

மாற்றுகிறவர் கவனத்திற்கு

முதலாவது, அளவு. இரும்புக் குழாயின் பெயர் உள்வழியைக் குறிப்பது. வளையும் குழாயின் பெயர் வெளிவிட்டத்தைக் குறிப்பது. அரை அங்குலத்திற்கு நிகரென்று கருதி ‘16’ என்று அச்சிட்ட குழாயை வாங்கினால், இருபுறமும் 2 மில்லிமீட்டர் சுவர் போக, உள்விட்டம் 12 மில்லிமீட்டர்தான். நம் உதாரண வீட்டில் அதைப் போட்டு, பழைய எல்போக்களின் இடத்தில் அத்தனை இணைப்புகளையும் வைத்தால், உட்சுவர் வழவழப்பாயிருந்தும் வாளி நிறைய 1 நிமிஷம் 40 விநாடி ஆகும். புது இரும்புக் குழாயைவிட இது மந்தம். ‘20’ என்று அச்சிட்டதை வாங்கினால் உள்விட்டம் அதே 16. வாளி 48 விநாடியில் நிறையும். இணைப்புகளைக் குறைத்து வளைவுகளாகக் கொண்டு சென்றால் இன்னும் விரைவு.

இரண்டாவது, உஷ்ணம். காலையில் 20 டிகிரியாயிருந்து பிற்பகல் வெயிலில் 50 டிகிரியாகும் மொட்டைமாடியில், 10 மீட்டர் இரும்பு 4 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீளும். பாலிஎத்திலீன் 6 சென்டிமீட்டர் வரையில் நீளும். ஆகவே விறைப்பாக இழுத்துக் கட்டாமல் தளர்வு விட வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் இழைகளை அறுக்கும். தோட்டத்துக் குழாய் கறுப்பாயிருப்பது, அதில் கலந்த கரித்தூள் அக்கதிரை விழுங்குவதற்காகவே. கறுப்பல்லாத குழாயை வெயிலில் விடக் கூடாது. எலி கடிக்கும் என்பதையும், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் ஆவி பாலிஎத்திலீன் சுவரை ஊடுருவும் என்பதையும் நினைத்து, பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். செடிக்கு நீர் விடும் பச்சை ஓஸ் வளைகிறதே என்று அதைக் குடிநீருக்கு உபயோகிப்பது தவறு. அது வேறு பொருள், அதை இளக்கச் சேர்த்த ரசாயனங்கள் குடிப்பதற்கு உரியவையல்ல.

மூன்றாவது, பலரும் நினையாதது. பழைய வீடுகள் பலவற்றில், மின்சாரக் கசிவைப் பூமிக்குக் கடத்தும் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே கட்டிவிடுவது வழக்கமாயிருந்தது. அந்தக் குழாயை எடுத்துவிட்டு, மின்சாரம் பாயாத பாலிஎத்திலீனைப் போட்டால், தண்ணீர் தாராளமாக வரும் அதே நாளில் வீட்டின் எர்த் அறுந்துபோயிருக்கும். விளக்கும் விசிறியும் எப்போதும்போல் ஓடுவதால் அது கண்ணுக்குத் தெரியாது. கிரைண்டரிலோ கீஸரிலோ கசிவு ஏற்படும் நாளில்தான் தெரியும்.

எனவே செலவு செய்வதற்கு முன், மற்றக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு, ஒவ்வொரு குழாயடியிலும் ஒரே வாளியை வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒன்றுபோல் மந்தமானால் கோளாறு தொட்டியிலிருந்து இறங்கும் பொதுக் குழாயில். ஒன்று மட்டும் மந்தமானால் அந்தக் கிளையில், அல்லது வெறும் குழாய்வாயின் சல்லடையில். கடைக்குப் போகும்போது, உள்விட்டம் எவ்வளவு, எந்த உஷ்ணத்தில் எவ்வளவு அழுத்தம் தாங்கும், குடிநீருக்கு உரிய தரமுத்திரை இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். பழைய இரும்பில் பிளம்பர் ரிஞ்சைப் போடுவதற்கு முன், எர்த் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, வேண்டுமானால் தனி எர்த் குழி போட்டுத் தருவதற்கு எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். அவர் முதலில் வரட்டும், பிளம்பர் பிறகு வரலாம்.